பியானோ சேராத மெட்டு

இன்வர்டோரி ஊர்ப் பிடில் சங்கத்தின் ஆண்டு விருந்தில், சூப் தட்டுகளை எடுத்த பிறகு, கறி வருவதற்கு முன்னால், தலைவர் எழுந்து சங்கத்தின் வரலாற்றைச் சொல்வார். வருஷா வருஷம் அதே வரலாறுதான். தலைவர்கள் மாறியிருக்கிறார்கள், வரலாறு மாறவில்லை. சமையற்கட்டிலிருந்து ஆட்டுக்கறி வேகிற வாசனை வந்துகொண்டே இருக்கும். எந்த மகராசன் இந்த நேரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தானோ, பசியில் இருக்கிற ஜனம் வாயைத் திறக்காமல் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஒரு பிப்ரவரி மாதத்துப் பனியில் வண்டிக்காரர்கள் சிலர் மாவு மில்லில் மாட்டிக்கொண்டார்கள், அவர்களில் ஒருவனிடம் பிடில் இருந்தது, பனி உருகி வழி திறந்தபோது வீட்டுக்குப் போக மனமில்லாமல் அங்கேயே ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள் என்று தலைவர் தொடங்குவார். எல்லா வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும் என்கிற முதல் விதியைச் சொல்வார். பிறகு போர். போனவர்கள், திரும்பாதவர்கள். பியானோ வாசித்த பையன் பிரான்சில் மண்ணோடு போன பிறகு, அதுவரை பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை என்றிருந்த சங்கம், சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பியானோவில் உட்காரவைத்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை, அதனால் கூப்பிட்டார்கள். தலைவர் அதைப் 'பெருந்தன்மை' என்பார்.

அப்புறம் வருவதுதான் வரலாற்றின் உச்சம். சங்கத்தின் கூடம் கைவிட்டுப் போக இருந்த வருஷம். முதல் பிடில் மர்டோ கீத், கூடம் நிற்கிற நிலத்துக்குச் சொந்தக்காரியான ஆர்டோரி சீமாட்டியின் பேரில் புதிதாக ஒரு மெட்டுக் கட்டினார். சீமாட்டி அதைக் கேட்டுக் கண்கலங்கினார். கூடம் பிழைத்தது. இன்று வரைக்கும் அந்த மெட்டுக்கு மட்டும் பியானோ சேராது. பியானோவில் இருப்பவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அது சீமாட்டிக்குச் சங்கம் செய்கிற மரியாதை என்பார் தலைவர். எல்லோரும் கைதட்டுவார்கள். கறி வரும்.

கைதட்டுகிறவர்களில் வயதான சிலருக்கு அது பொய் என்று தெரியும். கறி ஆறிவிடுமே என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். மரியாதையாவது மண்ணாவது. நடந்த கதை வேறு.

அந்த வருஷம் அக்டோபரில் மழை விட்டு விட்டுப் பெய்தது. பெரிய பண்ணையில் உருளைக்கிழங்கு எடுப்பு நடந்துகொண்டிருந்தது. குதிரைகள் இழுக்கிற கலப்பை மண்ணில் சால் பிளந்துகொண்டு முன்னால் போகும். பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் பின்னாலேயே கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். குதிரை சுற்றித் திரும்பி வருவதற்குள் அவரவர் பங்கைப் பொறுக்கி முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் பண்ணைக்காரன் வாய்க்கு வந்தபடி பேசுவான். மர்டோவின் மனைவி எல்ஸ்பெத் கீத்துக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. சேறு நகக்கண்ணில் ஏறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. இந்த விரலை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை பயிற்சியில் எப்படிப் பியானோ வாசிப்பது என்று யோசித்தபடியே பொறுக்கினாள். சங்கம் பெருந்தன்மையோடு உட்காரவைத்த அந்தப் பெண் அவள்தான்.

அப்போது அந்த மெட்டு கேட்டது.

முதலில் அவள் நிமிரவில்லை. அது அவள் தலைக்குள் எந்நேரமும் ஓடுகிற மெட்டு. துணி துவைக்கும்போதும் ஓடும், கஞ்சி கிண்டும்போதும் ஓடும். ஆனால் தலைக்குள் ஓடுகிற மெட்டு கல்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வராதே. கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தபால்கார ஹியூகி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான். சங்கத்தில் பின்வரிசைப் பிடில்காரன். சீட்டியடித்துக்கொண்டு வந்தான். ஒரு சுரம் பிசகவில்லை.

"ஹியூகி! நில்லு."

"என்ன கீத்தம்மா, இன்னைக்கு உங்களுக்குக் கடுதாசி ஒண்ணும் இல்லையே. இருந்தா நானே ஓடியாந்து குடுக்க மாட்டேனா?"

"கடுதாசி கெடக்கட்டும். இப்ப சீட்டியடிச்சிட்டு வந்தியே, அது என்ன?"

"எது? அதுவா? சும்மா. வாய் சும்மா இருக்காம எதையாவது அடிச்சிட்டு வரும்."

"யாரோட மெட்டு?"

ஹியூகியின் முகத்தில் இருந்த சிரிப்பு போயே போய்விட்டது. இன்வர்டோரியில் அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மெட்டுகளுக்கெல்லாம் அங்கே ஆள் பேர்தான். செத்து நூறு வருஷமான பால்காரி பேரும், நொண்டிக் குதிரைக்காரன் பேரும் அப்படித்தான் இன்னும் ஊர் வாயில் இருக்கின்றன. ஒருத்தர் வாசிப்பார், இன்னொருத்தர் யாரோட மெட்டு என்பார், வாசித்தவர் பேரைச் சொல்வார். பேர் சொல்லாமல் நழுவுகிறவனை ஊரே ஒரு மாதிரிப் பார்க்கும்.

"நீங்க மர்டோ அண்ணன்கிட்டயே கேட்டுக்கங்க கீத்தம்மா. மழை வருது, பை நனைஞ்சா போஸ்ட் மாஸ்டர் என்னத் தொலைச்சிருவாரு."

ஏறி மிதித்தவன் பள்ளத்தில் விழப்பார்த்துச் சமாளித்துப் போனான். மழையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பக்கத்துச் சாலில் பொறுக்கிக்கொண்டிருந்தவள், "என்ன எல்ஸ்பெத், முகம் வெளுத்துப்போச்சு?" என்றாள். எல்ஸ்பெத் கூடையை எடுத்தாள். குதிரைகள் திரும்பி வந்துகொண்டிருந்தன.

அது எஃபி கீத்தின் மெட்டு. எல்ஸ்பெத்தின் மகள். நாலு வயசு. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டாள். மர்டோ தச்சன். வண்டிச் சக்கரமும் பண்ணைக் கதவும் செய்கிற பட்டறையில் தன் கையாலேயே பிள்ளைக்குப் பெட்டி செய்தான். அதற்கப்புறம் வாயைத் திறக்கவே இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில் பிடிலை எடுத்து அந்த மெட்டை வாசித்தான். மெதுவான மெட்டு. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று ஒரு குதி குதித்து இறங்கும். எஃபி வாசற்படியில் அப்படித்தான் இறங்குவாள், ஒரு காலைத் தூக்கி ஒரு குதி. எல்ஸ்பெத் அந்த இடம் வந்ததும் வாய்விட்டு அழுதுவிட்டாள். "யாரோட மெட்டு?" என்றாள். "எஃபி கீத்" என்றான் மர்டோ. அத்தனை நாள் கழித்து அவன் பேசிய முதல் பேச்சு அது.

"நான் சொல்றவரைக்கும் இது இந்த அடுப்படிய விட்டு வெளிய போகக்கூடாது மர்டோ" என்று அன்றைக்கு அவள் சொன்னாள். சரி என்றான். அதிலிருந்து எஃபி பிறந்த நாளன்று மட்டும் வாசிப்பான். வீட்டில் பியானோ கிடையாது. எல்ஸ்பெத்தான் வாயாலேயே சுருதி கொடுப்பாள். அவள் கொடுக்கிற சுருதியும் பியானோ கட்டையும் ஒரு மயிரிழை விலகாது. அதை வைத்து அவன் தந்தியை முறுக்கிக்கொண்டு வாசிப்பான். அந்த மெட்டைக் கேட்ட காது உலகத்திலேயே நாலுதான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கிர்ஸ்டியின் ரொட்டிக்கடைக்குப் பின்கட்டு வழியாகப் போனாள். கிர்ஸ்டி மறுநாள் காலைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே தோழி. இப்போது சங்கத்தில் பிடில் வாசிக்கிறவள்.

"வாடி. இதென்ன கோலம்? கையக் கழுவிட்டு வா, சூடா ரொட்டி இருக்கு."

"வியாழக்கிழம தோறும் எங்கடி போறீங்க எல்லாரும்?"

கிர்ஸ்டியின் கை மாவுக்குள்ளேயே நின்றது.

"உக்காரு மொதல்ல."

"நான் உக்கார வரல. கமிட்டிக் கூட்டம்னு மர்டோ சொன்னான். ஹியூகியெல்லாம் எப்பலேருந்து கமிட்டி?"

"மரமறுக்கிற கொட்டகையில" என்றாள் கிர்ஸ்டி, மாவைப் பார்த்துக்கொண்டே. "கதிரறுப்பு முடிஞ்சதுலேருந்து."

"யாரு யாரு?"

"எல்லாருந்தான்."

"எல்லாரும்னா?"

"உன்னத் தவிர எல்லாரும். உனக்குத் தெரியக் கூடாதுன்னு டஃப் ஐயா சொன்னாரு. மர்டோவே சொல்லிக்குவான்னாரு."

டஃப் மில்காரர், சங்கத்தின் தலைவர்.

"யாரோட மெட்டுன்னு சொன்னாங்க உங்ககிட்ட?"

"சீமாட்டி பேர்ல மர்டோ புதுசா கட்டினதுன்னாங்க. நான் நம்பிட்டுத்தான்டி வாசிச்சேன், சத்தியமா. ரெண்டாவது நாளு அந்த நடுவுல ஒரு எடம் வருமே... ஒரு குதி. வில்லு அந்தக் குதி குதிக்கும்போது எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒங்க வீட்டுப் படி அப்பிடியே கண்ணு முன்னால வந்துருச்சு."

"புரிஞ்சும் வாசிச்ச."

"எல்லா வில்லும் போகும்போது நான் மட்டும் எப்பிடிக் கீழ வெக்கிறது?"

"வெச்சா ஒடஞ்சா போகும்? அவ போன அன்னைக்கு அவளக் குளிப்பாட்டினவ நீ. எனக்குக் கை வரலன்னு தலைசீவி விட்டவ நீ. ஹியூகி சீட்டியடிச்சு நான் தெரிஞ்சுக்கணுமா? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த வந்து சொல்லக் கூடாதா கிர்ஸ்டி?"

"கூடம் போயிரும்னாங்க. கூடம் போனா சங்கமே போச்சுன்னாங்க." கிர்ஸ்டி மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். "தெனமும் சொல்லணும்னுதான் வருவேன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருவேன்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டி. இந்தக் குளிருக்கு நானே அவன்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன், கூடத்துல வாசி, பேரச் சொல்லுன்னு. ஊரெல்லாம் எம் பிள்ள பேரச் சொல்லட்டும்னு."

கிர்ஸ்டி ரொட்டியைத் துணியில் சுற்றி நீட்டினாள். எல்ஸ்பெத் அதை வாங்காமலே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். கோபம் வந்தால் சமைக்கிற ஜாதி அவள். வெங்காயத்தைக் கொழுப்பில் வதக்கி, ஓட்ஸ் மாவைக் கொட்டி, அது பொன்னிறமாகிற வரைக்கும் வறுத்தாள். வேகவைத்த கிழங்கை உதிர்த்து வைத்தாள். மர்டோ மரத்தூள் ஒட்டின சட்டையோடு வந்து உட்கார்ந்தான். நாலு வாய் சாப்பிடுகிறவரை விட்டாள்.

"ஹியூகி நல்லா சீட்டியடிக்கிறான்" என்றாள்.

கரண்டி நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவன் அந்தத் தட்டைத் தொடவில்லை.

"நானே சொல்லணும்னு இருந்தேன்."

"எப்ப? கச்சேரி முடிஞ்சப்புறமா?"

"எல்ஸ்பெத், கேளு. எஸ்டேட் மேனேஜரு வந்தான். வேட்டைக்கு வர்ற தொரைமாரோட நாயிங்களுக்குக் கூடத்த எடுத்துக்கப் போறாங்களாம். நாயிக்கு! எங்கப்பன் சுமந்த கல்லு அந்தச் சுவத்துல இருக்கு. டஃப் சொன்னாரு, சீமாட்டிக்குப் பிடில்னா உசிரு, அவங்க பேர்ல ஒரு மெட்டக் கட்டி வாசிச்சா மனசு எளகும்னு. நான் சரின்னுட்டேன். சரின்னு சொன்னப்ப கட்டிரலாம்னுதான் நெனச்சேன்."

"கட்ட வேண்டியதுதானே."

"வரலையே." அவன் கையை மேஜைமேல் விரித்து வைத்தான், அது அவனுடைய கை இல்லை என்கிற மாதிரி. "வில்ல வெச்சா அது ஒண்ணுதான் வருது. அவ போனதுக்கப்புறம் எனக்கு வேற மெட்டே வரல. வெளிய யாருக்கும் தெரியாது. எல்லாரும் கொட்டகையில உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தாங்க. வாசிச்சுட்டேன்."

"வரலன்னு சொல்லியிருக்கலாமே. நாக்கு இல்லையா?"

"மொதப் பிடிலு, வரலன்னு எப்பிடிச் சொல்றது?"

"ஓகோ. அந்தப் பெருமைக்குத்தான் எம் பிள்ளையத் தூக்கிக் குடுத்தியா?"

"அப்பிடிப் பேசாத. பேருதான மாறுது? மெட்டு அதேதான? நம்ம பெரியவங்க செய்யாததா? சங்கத்துல இருக்கற பாதி மெட்டு மொதல்ல எவளோ பால் கறக்கறவ பேர்ல இருந்துச்சு. குத்தகை கேக்கப் போனப்ப தொரைசானி பேருக்கு மாத்திக்கிட்டாங்க. யாரு கெட்டுப்போனா? கூடத்துல அந்தப் பேரு, வீட்டுல நாம எஃபின்னு சொல்லிக்குவோம்."

எல்ஸ்பெத் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவ நாலு வருசந்தான் இருந்தா மர்டோ. பள்ளிக்கூடத்துல பேரு இல்ல. சிநேகிதி ஒருத்தி இல்ல. அவ கல்லறையில ஒரு கல்லு வெக்கக்கூட இன்னும் நமக்கு முடியல. நாம ரெண்டு பேரும் போயிட்டா இப்பிடி ஒருத்தி இந்த வீட்டுப் படியில குதிச்சா, எறங்கினான்னு யாருக்குத் தெரியும்? என்னைக்காவது ஒருத்தன் அத வாசிக்கணும். யாரோட மெட்டுன்னு இன்னொருத்தன் கேக்கணும். எஃபி கீத்துன்னு அவன் சொல்லணும். நான் கேட்டது அவ்வளவுதான். அதப் போயி வித்துட்டு வந்திருக்க."

மர்டோ அழுதான். எஃபியைப் புதைத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அழவில்லை. எழுந்து போய்ப் பிடில் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் கையை வைத்தான்.

"சொல்றேன். கச்சேரியில எந்திரிச்சு நின்னு, எஃபி கீத்து, எம் பொண்ணுன்னு சொல்றேன். சீமாட்டிக்குப் பழசு ஏதாவது ஒண்ணத் தூசிதட்டிக் குடுப்போம். டஃப்ப நான் பாத்துக்கறேன்."

"பிடில்மேல சத்தியம்?"

"பிடில்மேல."

அவள் நம்பினாள். நம்பாமல் எங்கே போவாள்? ஆறிப்போன தட்டை வாங்கி மறுபடியும் சுடவைத்துக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கும் வழக்கம்போலப் போனாள். ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டஃப் மட்டும், "மழை நல்லா விட்டுருச்சு, என்ன கீத்தம்மா?" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். விட்டுவிட்டது என்றாள். வீட்டு வாசலில் காலையில் கிர்ஸ்டியின் ரொட்டி துணியில் சுற்றி வைத்திருந்தது. கோழிக்குப் போட்டாள்.

கச்சேரி நவம்பரில். அன்றைக்கு உறைபனி விழுந்து ரோடு கண்ணாடியாகிவிட்டிருந்தது. ஆளாளுக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் தோளை ஒருத்தர் பற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நனைந்த கம்பளியும் மண்ணெண்ணெயும் விஸ்கியும் கலந்த வாசனை. முன்வரிசையில் மென்மயிர்க் கோட்டோடு சீமாட்டி, பக்கத்தில் எஸ்டேட் மேனேஜர். எல்ஸ்பெத் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். எஃபிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தைத்தது.

பியானோவில் சுருதிக் கட்டையைத் தொட்டாள். ஒவ்வொரு பிடிலாக முனகி, ஏறி, இறங்கி, அவள் கொடுத்த இடத்துக்கு வந்து நின்றது. போர்க்காலத்திலிருந்து அவள்தான் கொடுக்கிறாள். அவள் தொடாமல் அந்தச் சங்கம் தந்தியை முறுக்கியதில்லை. அவள் முதல் அடி அடிக்காமல் ஒரு மெட்டைத் தொடங்கியதும் இல்லை.

ஆட்ட மெட்டுகள் நாலைந்து போயின. ஜனம் தரையை மிதித்துத் தாளம் போட்டது. பிறகு மர்டோ எழுந்தான். அவளைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள், சொல்லு என்று. அவன் டஃப்பைப் பார்த்தான். முன்வரிசையைப் பார்த்தான்.

"அடுத்தது... அடுத்தது ஒரு மெதுவான மெட்டு" என்றான். "ஆர்டோரி சீமாட்டி. இந்தக் கச்சேரிக்குன்னே அவங்க பேர்ல புதுசா கட்டினது."

புதுசா! அந்த ஒரு வார்த்தையை யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. கூடம் இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டினார்கள்.

பிடில்கள் தோளுக்கு ஏறின. முதல் அடி விழவேண்டும். எல்ஸ்பெத் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விழாது, என்று மனதுக்குள் சொன்னாள். நான் அடித்தால்தானே நீங்கள் எடுப்பீர்கள்? விடிய விடிய உட்கார்ந்திருங்கள். யாரோ இருமினார்கள். கிர்ஸ்டி பிடிலுக்கு மேலே கண்ணை உயர்த்திக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். மர்டோ திரும்பவில்லை. கூடம் முழுக்க அப்படி ஓர் அமைதி.

மர்டோ குதிகாலால் தரையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினான். எல்லா வில்லும் ஒன்றாக எழுந்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகையில் ஏது பியானோ? அவள் இல்லாமல் வாசிக்கத்தானே அத்தனை வியாழக்கிழமையும் பழகியிருக்கிறார்கள்.

மெட்டு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அடுப்படியில் ஒற்றைப் பிடிலில் கேட்டதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. நடுவில் அந்த இடம் வந்தது. அத்தனை வில்லும் சேர்ந்து ஒரு குதி குதித்து இறங்கின. என் கண்ணே, என் கண்ணே என்று எல்ஸ்பெத் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளை ஊர் முன்னால் வந்து இறங்குகிறாள், யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தியும் வில்லைக் கீழே வைக்கவில்லை.

முடிந்ததும் சீமாட்டி கைக்குட்டையோடு மேடைக்கே ஏறி வந்துவிட்டார். மர்டோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பியானோ பக்கம் திரும்பினார்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு அமைதி இருந்ததே, எனக்குச் சிலிர்த்துப்போச்சு. பியானோ சேராம விட்டது எவ்வளவு பொருத்தம்! யாரோட யோசன அது?"

"அது உங்களுக்குச் சங்கம் செய்யற மரியாதைங்கம்மா" என்றார் டஃப், மூச்சுவிடாமல்.

எல்ஸ்பெத் எழுந்து நின்றாள்.

"அந்த மெட்டோட பேரு எஃபி கீத்துங்கம்மா" என்றாள். "எம் பொண்ணு."

சீமாட்டி புரியாமல் டஃப்பைப் பார்த்தார். டஃப் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எல்ஸ்பெத்துக்குக் கேட்கிற தாழ்வுதான்.

"பாவம், பிள்ளையப் பறிகொடுத்தவங்கம்மா. எந்த மெட்டக் கேட்டாலும் அவங்களுக்குப் பிள்ள ஞாபகம் வந்துரும்."

"அய்யோ பாவமே" என்று சீமாட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். நல்ல மனுஷிதான். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

எல்ஸ்பெத் மர்டோவைப் பார்த்தாள். இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவன் வில்லைத் திருப்பிப் பிடித்து, அதன் திருகை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தளர்த்திக்கொண்டிருந்தான். சீமாட்டி தேநீர் குடிக்கப் போனார்.

அவள் விளக்குகூட எடுக்காமல் பனியில் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். அதற்கப்புறம் சங்கத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பியானோவுக்கு வந்தாள். சீமாட்டி மெட்டு வரும்போது கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். நாய்களுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் உப்பு, விறகு, தண்ணீர் என்பதற்கு மேல் பேச்சில்லை. ஜனவரியில் வந்த பனி ஜன்னல் வரை ஏறி நின்றது. பிப்ரவரியில் எஃபியின் பிறந்த நாள் வந்தது. எல்ஸ்பெத் கல்லைக் காயவைத்து எஃபிக்குப் பிடித்த சின்னச் சின்ன அப்பங்களைச் சுட்டு அடுக்கினாள். வருஷா வருஷம் செய்கிறதுதான். மர்டோ முகத்தைக் கழுவிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, பெட்டியைத் திறந்து பிடிலை எடுத்தான். தோளில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான், சுருதிக்கு.

அவள் அப்பத்தைத் திருப்பிப் போட்டாள்.

"எல்ஸ்பெத்" என்றான்.

"என்ன வாசிக்கப் போற?"

"தெரியாதா? அதுதான்."

"யாரோட மெட்டு?"

அவன் வில்லைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"யாரோட மெட்டுன்னு கேட்டேன். கேட்டா சொல்லணும்ல?"

"எஃபி..."

"இல்ல. ஊரு முன்னால எந்திரிச்சு நின்னு ஒரு பேரச் சொன்னியே, அதச் சொல்லு." அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு நேரே வந்து நின்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "நல்ல மெட்டு மர்டோ. நான் ஒண்ணும் கொற சொல்லல. ஆனா அது அந்தம்மாவோடது. அந்தம்மாவுக்கு இந்த அடுப்படியில என்ன வேல? இன்னைக்கு எம் பிள்ள பொறந்த நாளு. அவளுக்கு ஒண்ணு வாசி."

"எங்கிட்ட வேற இல்ல எல்ஸ்பெத். உனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ மொதப் பிடிலு."

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அப்பங்களின் மேலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வாயை மூடியபடியே, சுருதி கொடுத்தாள். வழக்கம்போலவே கொடுத்தாள், ஒரு மயிரிழை விலகவில்லை. மர்டோ தந்திகளை ஒவ்வொன்றாக முறுக்கி அவள் குரலுக்குச் சேர்த்தான். நாலும் சேர்ந்தன. வில்லைத் தந்திக்கு மேலே கொண்டுவந்தான். அது அங்கேயே நின்றது. இறங்கவில்லை.

எல்ஸ்பெத் காத்திருந்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் சுருதி கொடுத்தாள்.